பம்ப் துப்பாக்கிக்கு எந்தக் கம்பி, எந்த எண்ணெய்?

திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற வீடுகளில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது பீரோவுக்குள்தான் நிற்கும். அதனால் நம் ஊரில் துப்பாக்கியைக் கெடுப்பது தோட்டாப் புகையைவிட ஈரம்தான். பிசான நெல் நடவு நடக்கிற ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வீட்டுச் சுவரே கசியும். உவரி, கூடங்குளம் பக்கம் என்றால் வருஷம் முழுக்க உப்புக்காற்று. துப்பாக்கியைத் துடைக்க எந்தக் கம்பி, எந்த எண்ணெய் என்று கேட்டால் இதை வைத்துத்தான் நான் பதில் சொல்வேன்.

மாமாவிடம் ரெட்டைக்குழல், என்னிடம் 12 போர் (குழல் அளவு) பம்ப் ஆக்‌ஷன். பம்ப்பில் குழலுக்கு அடியில் இருக்கிற முன்கட்டையை இழுத்துத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். துடைக்க உட்காரும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். ரெட்டைக்குழலை மடக்கினால் இரண்டு ஓட்டையும் கண் முன்னால் இருக்கும். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால் காலி. பம்ப்பில் அது போதாது. சுடும்போது தோட்டா இருக்கிற குழலின் பின்னறை வெறுமையாக இருக்கும், கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசின் குழாய்க்குள் ஒரு தோட்டா ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்கட்டையை ஒருதரம் இழுத்துத் தள்ளினால் அது மேலேறிப் பின்னறைக்குள் போய்விடும். அதனால் குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விசையைத் தொடாமல், எல்லாத் தோட்டாவையும் எடுத்து வேறு அறையில் பூட்டிவிட்டு வந்துதான் வேலையைத் தொடங்குவேன். கண்ணால் பார்த்த பிறகும் சுண்டுவிரலை விட்டுப் பின்னறையையும் மேகசின் வாயையும் தடவிப் பார்ப்பேன். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. இதில் ரெட்டைக்குழல்தான் பத்திரம், சந்தேகமே இல்லை.

துடைப்பதில் பம்ப் சளைத்ததில்லை. 1950-ல் வந்த ரெமிங்டன் 870 போன்றவற்றில் மேகசின் முனை மூடியைத் திருகி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். பின்னறைப் பக்கமிருந்தே கம்பியை விடலாம். மேகசின் ஸ்பிரிங்கை வெளியே எடுக்கிறபோது மட்டும் முகத்தை விலக்கிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துள்ளி வரும். விசைத் தொகுதியைத் துடைத்தால் போதும். அதைப் பிரிப்பது துப்பாக்கி ரிப்பேர்க்காரர் வேலை.

குழலுக்குள் விட்டுத் தேய்க்கிற கம்பியா, உள்ளே விட்டு இழுக்கிற துடைப்புக் கயிறா? வீட்டுக்குக் கம்பிதான். பித்தளைக் கம்பியோ, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே துண்டுக் கம்பியோ வாங்கலாம். மூட்டு மூட்டாகச் சேர்க்கிற அலுமினியக் கம்பியின் இடுக்கில் மண் ஒட்டிக் குழலைக் கீறும். தோட்டாவுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் அடைப்பின் கசடும் ஈயமும் பின்னறைக்கு முன்னாலும் குழல் வாய்ப்பக்கமும்தான் அதிகம் படியும். அங்கே வெண்கல பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கக் கம்பி வேண்டும். கயிறு தோட்டத்துக்குப் போய் நனைந்து வந்த அன்றைக்குச் சட்டென்று ஓர் இழுப்பு இழுக்க நல்லது. ஆனால் அதைத் துவைக்காமல் விட்டால் போனமாதத்து அழுக்கையே திரும்பக் குழலுக்குள் பூசுகிறோம்.

எண்ணெய்க்கு வருகிறேன். இதில்தான் நான் தப்புப் பண்ணினேன். ஒரு எலெக்ஷனுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, கேன்வாஸ் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வாங்கி வந்தால் முன்கட்டை நகரவில்லை. உள்ளே பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. குழலின் மேல் துருப்புள்ளிகள், கேன்வாஸ் நெசவின் கட்டம் அப்படியே அச்சு விழுந்த மாதிரி. மாமா பார்த்துவிட்டு, “கிணத்து மோட்டாருக்கே நான் இத ஊத்த மாட்டேன் மருமகனே” என்றார். அவர் சொன்னது நியாயம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கிற எண்ணெய் துப்பாக்கிக்குள்ளும் உறையத்தானே செய்யும்? நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அந்தப் புளிப்பு இரும்பை அரிக்கும். நல்லெண்ணெய் இதைவிட மோசம், காயக் காயப் பிசினாகும்.

மண்ணெண்ணெய் அழுக்கை நன்றாகக் கரைக்கும். பழைய பிசினை எடுக்க நான் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அது காயும்போது இரும்பு அம்மணமாக நிற்கும். உடனே வேறு எண்ணெய் போடாவிட்டால் துரு பிடிக்கும். அடுப்புப் பக்கம் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது, துடைத்த துணியையும் வெளியே காயப்போடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் முன்கட்டையோடு சேர்ந்து நகர்கிற தண்டுகளுக்கு அருமை, வழுக்கிக்கொண்டு போகும், மலிவும்கூட. மழைக்கால ஈரத்துக்கு அது தாக்குப்பிடிக்காது, வழிந்து இறங்கிவிடும். கன் ஆயிலில் துருத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். என் ஓட்டு அதற்குத்தான், விலை கூடினாலும். சின்ன பாட்டில் எனக்கு வருஷக்கணக்கில் வருகிறது. தண்டுக்கு இரண்டு சொட்டு. குழலுக்கு எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் ஒரு துடைப்பு. பணகுடி, வள்ளியூர் பக்கத்தார் இன்னும் குறைக்க வேண்டும். ஆடிக்காற்று கொண்டுவருகிற புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி உலோகத்தைத் தின்னும்.

கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைக்காதீர்கள். வியர்வை உப்பு பட்ட விரல் தடம் அப்படியே துருவாக மாறும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் சோற்றோடு வயிற்றுக்குள் போகக் கூடாது.

வைப்பதற்கு உறையைவிடப் பூட்டிய பீரோதான் மேல். உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும். குழலைக் கீழ்நோக்கி நிறுத்தினால் மிச்ச எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது. குழல் வாயில் துணி அடைக்கிற பழக்கம் மாமாவுக்கு உண்டு. அது ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது என்று சொல்லி எடுக்கவைத்தேன். அவர் துப்பாக்கியைச் சுவர்க் கொக்கியிலேயே பூட்டி வைத்திருந்தார். சித்திரையில் துடைக்க எடுத்து மடக்கிப் பார்த்தால் இடதுகுழலில் வெளிச்சம் வரவில்லை. கம்பியை விட்டுத் தள்ளினோம், குளவி கட்டிய களிமண் கூடு கட்டை விரல் நீளத்துக்கு உதிர்ந்து விழுந்தது. அதோடு சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். அவர் பேசாமல் அந்த மண்ணைக் கையில் அள்ளிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே பீரோ வாங்க ஆசாரியிடம் சொல்லிவிட்டார்.