எறும்பு எழுத்தில் தேர்தல் சட்டம்
நாலாவது தடவை பூத் டியூட்டி வந்ததும், 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் 1961 தேர்தல் நடத்தும் விதிகளும் சேர்ந்த புத்தகம் வாங்கினேன். கைப்பைக்குள் அடங்குகிறது. எழுத்துதான் எறும்பு சைஸ்.

49பி (49P) விதிக்கே கொடுத்த காசு தகும். நம் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், நாம்தான் என்று நிரூபித்து வாக்குச்சீட்டில் போடலாம். மெஷின் கிடையாது, சீட்டு தனி உறைக்குள் போகும். 49ஜெ இன்னும் தமாஷ்: வந்தவர் அசல் வாக்காளர் இல்லை என்று வேட்பாளரின் பூத் ஏஜென்ட் ஆட்சேபிக்க முதலில் கட்ட வேண்டியது 2 ரூபாய். இன்றைக்கு டீ கூட வராது!

பின்னால் பொருளடைவு இல்லை. டெபாசிட் திரும்ப வர ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும் என்கிற 158ஆம் பிரிவைத் தேடியே பாதி பஸ் பயணம் போனது. மூன்றாம் நாள் அட்டை கழன்றது. மைதா பசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை.