1,100 குண்டுகளுக்குப் பிறகு 6.5-284: ஆறரையா, ஏழா?

ரைபிளின் பழைய குழலைக் கழற்றித் துப்பாக்கிக் கம்மியர் என் கையில் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. அந்த வாரத்திலேயே தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "அண்ணா, ரைபிளுக்குத் தனியாகக் குழல் செய்யக் கொடுக்கப் போகிறேன். ஆயிரம் கெஜத்தில் இலக்கு சுட வேண்டும். ஆறரையா, ஏழா?" குண்டின் விட்டம் ஆறரை மில்லிமீட்டரா, ஏழு மில்லிமீட்டரா என்பதுதான் கேள்வி. நான்கு ஆண்டுகள் 6.5-284 நோர்மா என்ற ஆறரை மில்லிமீட்டர் தோட்டாவைச் சுட்டவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். அவர் வந்த நேரம் என் மனம் கொதித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன் .308 வின்செஸ்டர் தோட்டாவைச் சுட்டேன். 168 கிரெய்ன் (ஏறக்குறைய 10.9 கிராம்) குண்டு. ஆயிரம் கெஜத்தை, அதாவது 914 மீட்டரை நெருங்கும்போது அந்தக் குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கி, ஆட்டம் காணத் தொடங்கிவிடும். 6.5-க்கு மாறி, 140 கிரெய்ன் குண்டை வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகத்தில் அனுப்பிய முதல் நாளை மறக்க முடியாது. காற்றே எனக்காகக் கொஞ்சம் தணிந்துகொடுத்தது போல இருந்தது.

காரணம் எளிமையானது. வெற்றிடத்தில் பறந்தால் ஆகும் நேரத்தைவிடக் குண்டு எவ்வளவு தாமதமாக இலக்கை அடைகிறதோ, அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் பக்கவாட்டு விலகல் கிடைக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று என்றால் வினாடிக்கு 4.4 மீட்டர், பத்தில் ஒரு வினாடி தாமதத்துக்கு 44 சென்டிமீட்டர் விலகும். அதே காற்றில் என் .308 இரண்டரை மீட்டருக்கு மேல் விலகியது. 6.5-284 ஏறக்குறைய 1.7 மீட்டரோடு நின்றது. காற்றின் வேகத்தைக் கால் பங்கு தவறாகக் கணித்தாலும் குண்டு இலக்குப் பலகையில் எங்கோ ஓரிடத்தில் விழுந்து, தவறு என்ன என்று காட்டிக்கொடுக்கும். பின்னுதைப்பும் மென்மைதான். நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் சலிக்காது.

இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன்.

குழலின் தொண்டை, அதாவது குண்டு வெடிமருந்துக் கூட்டைவிட்டுக் கிளம்பி, அதைச் சுழலவைக்கும் புரிவெட்டைத் தொடும் இடம், 1,100 குண்டுகளில் செத்துவிட்டது. குழலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப்பில் பார்த்தபோது வற்றிய ஏரிப் படுகையைப் போல வெடித்துக் கிடந்தது. இது யாரும் மறைத்த செய்தி அல்ல. இந்தத் தோட்டாவுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறுதான் கணக்கு என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். 284 கூட்டின் கொள்ளளவு, அதே விட்டக் குண்டைச் சுடும் 6.5 கிரீட்மூர் தோட்டாவைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். அவ்வளவு மருந்தின் வெப்பமும் அதே குறுகிய துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். போட்டிகளில் சூடான குழலை ஆறவிடாமல் அடுத்தடுத்துச் சுட்டது என் தவறு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். குழல் செய்தவரையோ, தோட்டா அமரும் அறையை வெட்டிய கம்மியரையோ ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

1,100-ல் தேய்ந்ததைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். பொறுக்க முடியாதது 850-க்கும் 1,100-க்கும் இடைப்பட்ட காலம். தொண்டை ஒரே நாளில் சாவதில்லை. ஒரு குண்டு காரணமின்றித் தாழ்ந்து விழும். அடுத்த எட்டும் சரியாக இருக்கும். அது என் விரலா, மூச்சா, காற்றா, குழலா? தொலைநோக்கியைச் சந்தேகித்து அதன் வளையங்களைக் கழற்றி மாட்டினேன். கன்னம் வைக்கும் உயரத்தை மாற்றினேன். விசை இழுக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். அந்தக் கெட்ட பழக்கத்தைத் திருத்துவது இன்னும் முடியவில்லை. காற்றுக் குறிப்பேட்டில் அந்த 250 குண்டுகளைப் பற்றி எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்ப முடியவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பருவம் முழுவதும் வீணாகிவிட்டது. குழலின் விலையைவிட இது எனக்குப் பெரிய இழப்பு.

தம்பிக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். முதலில் குண்டைத் தீர்மானியுங்கள். அதற்கேற்ற புரிவெட்டுச் சுழற்சி, அதற்கேற்ற தொண்டை நீளம், பிறகுதான் அறை வெட்டும் ரீமர். குழலுக்குச் சொல்லிவிட்டுக் குண்டு தேடுபவர்கள் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். 6 மில்லிமீட்டரை நான் எடுத்துக்கொள்ளவில்லை; சிறிய கூட்டில் அருமையாகச் சுடும், ஆனால் ஆயிரம் கெஜக் காற்றில் கனமான குண்டோடு போட்டி போட அதனால் முடியாது.

ஏழு என்று சொல்லும் குண்டின் உண்மையான விட்டம் 7.21 மில்லிமீட்டர். ஆறரை என்பது 6.71. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். துளையின் பரப்பு ஏறக்குறைய 16 சதவீதம் கூடுகிறது. அதே கூடு, அதே மருந்தின் சூடு, வெளியேற அகலமான வழி. 6.5-284 பிறந்ததே 1963-ல் வந்த .284 வின்செஸ்டர் கூட்டின் கழுத்தைச் சுருக்கித்தான். ஆகவே ஏழுக்குப் போவது அந்தக் கூட்டைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது போலத்தான். கூட்டின் அடி விளிம்பு .308-ன் அளவே என்பதால் போல்ட்டையும் மாற்ற வேண்டியதில்லை. 180 கிரெய்ன் குண்டு 860 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலே, நான் சொன்ன காற்றில் விலகல் 1.5 மீட்டருக்கு அருகில் வந்துவிடும்.

ஆனால் நண்பர் ஒருவரின் .284-ஐ வாங்கி அறுபது குண்டுகள் சுட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. 9 கிராம் குண்டுக்குப் பழகிய தோளுக்கு 11.7 கிராம் குண்டின் உதைப்பு முரட்டுத்தனமாக இருந்தது. சுடும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி தாங்கியின்மேல் ஒருபக்கமாகத் திருகிக்கொண்டது. ஆறரையின் சாதுத்தனம் அதில் துளியும் இல்லை. அதன் தொண்டையும் சாகாவரம் பெற்றதல்ல. 1,500 முதல் 2,000 வரை என்றுதான் சுடுபவர்கள் சொல்கிறார்கள்.

நான் சுட்டதிலேயே இனிமையான தோட்டா 6.5-284 தான். தம்பிக்கு ஏழைத்தான் சொன்னேன். எனக்கும் ஏழுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்: 8.5 அங்குலத்துக்கு ஒரு சுழற்சி, 180 கிரெய்னுக்கு அளந்த தொண்டை. இந்த முறை 1,200-ஐத் தொட்டதும், நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாலும், குழலைக் கழற்றிவிடப் போகிறேன். பழைய கூடுகள் இருநூறுக்கும் கழுத்தை விரித்து வைத்தாயிற்று. குழல் வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை .308-ஐ எடுத்துக்கொண்டு 600 கெஜத்தில் விசை இழுப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.