மூன்று முகத்தையும் காட்டும் மீட்டர்: ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் வாங்கலாமா?

சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிய சாதாரண கம்ப்ரஷன் கேஜை மஸ்டா ஆர்எக்ஸ்-7-இன் 13பி டர்போ ரோட்டரி எஞ்சினில் மாட்டுகிறீர்கள். பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின் அது. முள் 105 பிஎஸ்ஐயில் நிற்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி முன்பணம் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள். அந்த 105 பொய்யில்லைதான். ஆனால் அது ஒரே ஒரு முகத்தின் கணக்கு.

ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று முனை, முனைக்கு ஒரு அபெக்ஸ் சீல், அதாவது காற்று கசியாமல் தடுக்கும் பட்டை. ஒரு சீல் உடைந்தால் அதன் இரு பக்கமும் உள்ள இரண்டு முகங்கள் காற்றை விடும். மூன்றாவது முகத்துக்கு ஒன்றும் ஆகாது. சாதாரண கேஜில் உள்ள ஒருவழி வால்வு, வந்ததிலேயே பெரிய அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சீல் உடைந்த எஞ்சினிலும் முள் நல்ல முகத்தைத்தான் காட்டும். பிஸ்டன் எஞ்சினுக்குச் செய்த கருவி அது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரோட்டரிக்கென்றே சிறு தயாரிப்பாளர்கள் விற்கும் டிஜிட்டல் டெஸ்டர் மூன்று முகத்தின் அழுத்தத்தையும் தனித்தனியே காட்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும் கிராங்கிங் வேகத்தையும் தானே கணக்கிடும். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ரோட்டருக்கு ஒரு துடிப்பு. 250 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 250 துடிப்பு. மஸ்டா கொடுத்த அளவுகள் இந்த 250-க்கானவை. பேட்டரி இளைத்து வேகம் 200-க்கு இறங்கினால் நல்ல எஞ்சினும் சோப்ளாங்கியாகத் தெரியும். புது பேட்டரியும் கனமான ஸ்டார்ட்டரும் சேர்ந்து 300-க்கு ஏற்றினால் தேய்ந்த எஞ்சினும் தேறிவிடும். வேகத்தை 250-க்குத் திருத்திச் சொல்லும் வசதி இல்லாத டெஸ்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து உயரும் அளவுக்கேற்ற திருத்தம் சில மாடல்களில் உண்டு. சென்னையில் அது தேவைப்படாது. ஊட்டியில் அளந்த எண்ணை இங்கே அளந்ததோடு ஒப்பிடும்போதுதான் வேண்டும்.

இரட்டை டர்போ ஆர்எக்ஸ்-7 எஞ்சினுக்கு 100 பிஎஸ்ஐயும் அதற்கு மேலும் வந்தால் ஆரோக்கியம், 85-க்குக் கீழே போனால் பிரித்தாக வேண்டும். முகத்துக்கு முகம் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோவை, அதாவது 21 பிஎஸ்ஐயை, தாண்டக் கூடாது. ஆனால் இந்த எண்களைவிட அவை எப்படி அமைகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 102, 58, 61 என்று வந்தால், இரண்டு முகத்துக்கும் பொதுவான அபெக்ஸ் சீல் உடைந்திருக்கிறது, அல்லது பள்ளத்தில் கரி பிடித்துச் சிக்கியிருக்கிறது. 100, 98, 70 என்று ஒரே முகம் மட்டும் தாழ்ந்தால் அபெக்ஸ் சீலைச் சந்தேகிக்காதீர்கள். அந்த முகத்தின் பக்கவாட்டில் உள்ள சைடு சீலைப் பாருங்கள். மூன்றும் ஒரே சீராக 80 என்றால் ரோட்டர் சுற்றும் கூடான ஹவுசிங்கின் தேய்மானமாக இருக்கலாம். பெட்ரோல் அளவுக்கு மீறித் தேங்கி எண்ணெய்ப் படலம் கழுவிப் போனதாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையானால் பிளக் ஓட்டை வழியே சில மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, சுற்றவிட்டு, மறுபடி அளந்தால் எண் ஏறும். அதற்காக எண்ணெய் விட்ட பிறகு வந்த எண்ணை யாரிடமும் காட்டி விலை பேசாதீர்கள்!

அளக்கும் முறையில்தான் பெரும்பாலோர் சொதப்புகிறார்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, காயில் கனெக்டர்களைக் கழற்றுங்கள். ரோட்டருக்கு லீடிங், டிரெயிலிங் என்று இரண்டு பிளக். இரண்டு ரோட்டரிலும் லீடிங் பிளக்கை எடுத்துவிட்டு டிரெயிலிங்கை அப்படியே விடுங்கள். ஒரு தடவை லீடிங், மறு தடவை டிரெயிலிங் என்று மாற்றி அளந்தால் எண்களை ஒப்பிடவே முடியாது. பேட்டரியில் சார்ஜரை மாட்டிவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்தபடி ஐந்து முதல் எட்டு விநாடி கிராங்க் செய்யுங்கள். முதல் சில துடிப்புகளை விட்டுவிட்டு, வேகம் நிலைத்த பின் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திராட்டில் மூடியிருந்தால் மூன்று முகமும் ஒரே சீராகத் தாழும். அதைப் பார்த்து ஹவுசிங் போய்விட்டது என்று யாராவது எஞ்சினைப் பிரித்தால் பாவம்.

குறைகளும் உண்டு. பிளக் ஓட்டையில் வைத்து அழுத்தும் ரப்பர் முனை, சூடான எஞ்சினில் சில தடவைக்குப் பிறகு இறுகிக் காற்றைக் கசிய விடும். 14 மி.மீ. திரெட் அடாப்டரோடு வரும் மாடல்தான் நல்லது. டர்போ குழாய்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் ஹோஸைக் கையால் நுழைப்பதும் சிரமம். நீளமான ஹோஸ் கேளுங்கள். அதில் காற்று நிற்கும் இடம் கூடினால் எண் கொஞ்சம் குறையும் என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அளக்குமுன் கருவி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பணம் செலவழிக்க மனமில்லை, ஒரு வண்டியை வாங்குமுன் பார்த்தால் போதும் என்றால், பழைய கேஜே உதவும். ஹோஸ் முனையில் உள்ள வால்வைக் கழற்றிவிடுங்கள். முள் ஒவ்வொரு முகத்துக்கும் துள்ளும். மொபைலில் ஸ்லோ மோஷனில் படம்பிடித்து மூன்று துள்ளலையும் ஒப்பிடுங்கள். முள் பின்தங்குவதால் எண் சரியாக வராது. ஆனால் துள்ளல் சமமா இல்லையா என்பது தெரிந்துவிடும். காதாலும் கேட்கலாம்: சமமான புஸ் புஸ் புஸ் நல்லது, புஸ்ஸ், பிறகு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

எண் தாழ்ந்த பிறகு டெஸ்டரால் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட் வழியே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மஸ்டா சீல் வார்ப்பிரும்பு. உடைந்தால் துண்டு போர்ட் வழியே டர்பைன் சக்கரத்தில் போய் அடிக்கும். அதனால் சக்கரத்தின் இதழ் சொட்டையானதா என்று பார்க்காமல் எஞ்சினை மட்டும் ரீபில்ட் செய்யாதீர்கள். எஃகு சீல் உடையாமல் வளையும் என்று சிலர் அதை விரும்புவார்கள். 1991 லெ மான் வென்ற 787பி-யில் இருந்த செராமிக் சீல் நம் பட்ஜெட்டுக்குப் பேச்சில்லை. பிரித்தால் சீல் உயரம் புதிதில் 8 மி.மீ., 6.5-க்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்தில் இடைவெளி 0.15 மி.மீ.யைத் தாண்டினால் ரோட்டரே போச்சு. சைடு ஹவுசிங் வளைவுக்கு வரம்பு 0.04 மி.மீ. நேர்விளிம்புச் சட்டமும் ஃபீலர் கேஜும் உள்ள லேத் பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைக்கும். புதுப்பேட்டையில் ரோட்டரி ஹவுசிங் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சீல் ஏன் உடைந்தது என்று தெரியாமல் புதிது போட்டால் அதுவும் உடையும். பெரும்பாலும் காரணம் நாக்கிங், அதாவது கலவை நேரம் தப்பித் தானே வெடிப்பது; அதுவும் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்டில் பெட்ரோல் குறைந்து கலவை மெலிவதால். இங்கே அதற்குத் தனி வாய்ப்பு உண்டு. ஜப்பானில் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு டியூன் ஆன ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) உள்ள வண்டி, நம் பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20-ஐக் குடித்தால் கலவை 7, 8 சதவீதம் மெலியும். பூஸ்டில் ஓ2 சென்சார் திருத்தாது, ஈசியூ வரைபடத்தை நம்பியே ஓடும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரை லாம்ப்டாவில் (1-க்குக் கீழே போகப் போக பெட்ரோல் அதிகம்) வைத்து, முழு பூஸ்டில் 0.78-ஐத் தாண்டாமல் பாருங்கள். சாதாரண பங்க் பெட்ரோலில் டர்போ ரோட்டரியை அழுத்தாதீர்கள், இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் எக்ஸ்பி100 கிடைக்கிற பங்க்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லீடிங்கில் 7 வெப்ப எண் பிளக்குக்குப் பதில் நான்கிலுமே இன்னும் குளிர்ந்த 9 போடுவது நல்ல பழக்கம். சீல்களுக்கு எண்ணெய் விடும் ஆயில் பம்ப் நம்பகமில்லாத பழைய வண்டிக்கு, பெட்ரோல் லிட்டருக்கு 5 முதல் 8 மில்லி, ஜாஸோ எஃப்டி தர டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்துகொள்ளுங்கள். மே மாதக் கத்திரி வெயிலில், போக்குவரத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்ற உடனே பூஸ்டைப் போட்டால் இன்டர்கூலர் சூடு இறங்கியிருக்காது.

ஆக, சொந்தமாக ஒரு டர்போ ரோட்டரி வைத்திருப்பவர் டிஜிட்டல் டெஸ்டரை வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து ஆறு முகத்தின் எண்ணையும், கிராங்கிங் வேகத்தையும், எண்ணெய் வெப்பத்தையும் நோட்டில் எழுதுங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகும் வண்டியானால் ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். 95-லிருந்து 88-க்கு இறங்கும் ஒரு முகத்தை நோட்டு காட்டிக்கொடுக்கும், கேஜ் காட்டாது.