பழைய கதவில் செய்த தலைமாட்டுப் பலகை: 4 வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் கட்டில் தலைமாட்டுப் பலகை இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தது. இரவில் படுக்கையில் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தலையணையைச் சுவரோடு நிறுத்திச் சாய்ந்தால் பத்து நிமிடத்தில் அது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கிவிடும். சுவரில் தலை படும் இடம் மட்டும் கறுத்துப்போனது. புதிதாக வாங்கும் நிலையில் அப்போது நாங்கள் இல்லை. அதனால் பிறர் கழித்துப்போட்ட மரத்தைக் கொண்டு நானே செய்துகொண்டேன். முதலில் செய்தது பேலட்டில், அதாவது சரக்கு அடுக்கி அனுப்பும் மரத்தட்டில். 14 மாதம் இருந்தது. அடுத்தது ஒரு பழைய கதவில். 4 வருடம் தாண்டிவிட்டது. செய்து முடித்த அன்று எந்தப் பலகையும் அழகாகத்தான் இருக்கும். தினமும் சாய்ந்து, துடைத்து, கட்டிலை நகர்த்திப் பெருக்கும்போதுதான் அதன் குணம் தெரியவருகிறது. அதனால் அந்தப் பகுதியைத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

பேலட் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு விட்டு இன்னொரு நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்டி என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடமாவது வைத்து எடுத்தது என்று பொருள். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். நான் ஹெச்டி பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் பேலட் ஆணிகள் முறுக்கு ஆணிகள். நெம்பி எடுக்கும்போது நான்கில் ஒரு பலகையாவது பிளந்தது. நெம்பாமல், இரும்பு அறுக்கும் பிளேடை இடுக்கில் விட்டு ஆணியையே அறுத்திருக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் சிராய் விட்டது. தலையணை உறைகளில் நூல் இழுத்துக்கொண்டே இருந்தது. பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளில் தூசி படிந்தது, அதை எடுக்கத் துணியும் போகவில்லை, விரலும் போகவில்லை. 14 மாதத்தில் பிரித்துச் செடித்தொட்டி வைக்கும் மேடையாக மாற்றிவிட்டேன். அந்த வேலைக்கு அது நன்றாகவே இருக்கிறது.

கதவு வந்தது தற்செயலாக. தெரிந்தவர் வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆறரை அடி உயரம், 32 அங்குல அகலம், முழு மரம். குளியலறை எடை இயந்திரத்தில் நிறுத்திப் பார்த்தேன், 31 கிலோ. என் மனைவி அதைப் பார்த்ததும், "கதவைப் படுக்க வைத்தா தலைமாடு செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். ஆமாம், அப்படியேதான்.

படுக்க வைத்தால் ஆறரை அடி என்பது 78 அங்குல நீளம். எங்கள் மெத்தை 60 அங்குல அகலம். இரண்டு பக்கமும் 9 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். அறுத்து அளவாக்கிவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தவன், நல்லவேளையாகக் கதவை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முனையை அறுத்தால் அந்தக் குறுக்குச் சட்டத்தோடு மூட்டும் போய்விடும். மிச்சக் கதவு நாளடைவில் ஆட்டம் காணும். அறுக்காமல் விட்டேன். நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் படிக்கும் விளக்குகளை மாட்டினேன். இன்று வீட்டுக்கு வருபவர்கள் முதலில் கவனிப்பது அந்த விளக்குகளைத்தான். பூட்டு இருந்த பக்கத்தைக் கீழே வைத்ததால் அந்த ஓட்டை மெத்தைக்குப் பின்னால் மறைந்தது. கீல் பதித்திருந்த பள்ளங்கள் மேல் விளிம்பில் வந்தன. அதே அளவுக்கு மரத்துண்டு செதுக்கிப் பசை போட்டு அடைத்தேன்.

வேலை தொடங்கும் முன் கதவை மூன்று வாரம் கொட்டகையில் வைத்திருந்தேன். கீழே கறுப்புத் தாள் விரித்து, அதன்மேல் கதவு. ஏற்கெனவே ஒரு சட்டத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தன. பழைய ஓட்டை இருப்பதாலேயே உள்ளே பூச்சி இருக்கிறது என்று சொல்ல முடியாது. புதிதாக மாவு கொட்டினால்தான் மரம் இன்னும் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாளில் ஒன்றும் விழவில்லை. இருந்தாலும் பெயின்ட் எடுத்தபின் போராக்ஸ் கரைசலை இரண்டு முறை பூசினேன். அது வெறும் மரத்தில்தான் ஊறும், பெயின்ட் மேல் பூசினால் பயனில்லை. அப்புறம் மூட்டைப்பூச்சி. தலைமாட்டுப் பலகை அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்கையும் பார்க்காமல் எந்தப் பழைய பொருளையும் படுக்கையறைக்குள் விடக் கூடாது. கறுப்புப் புள்ளிகளோ உரிந்த தோலோ தெரிந்தால் அந்தப் பொருளை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

இனிப் பெயின்ட். இந்த இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது பல நாடுகள் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதற்கெல்லாம் முந்தைய கதவு இது. காய்ந்த பெயின்டை மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. எங்கள் மகளுக்கு அப்போது 3 வயது. அதனால் பெயின்டை இளக்கும் ஜெல்லைப் பூசி, அது ஊறியபின் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தேன். மிச்சம் இருந்ததை நனைத்த உப்புத்தாளால் ஈரமாகவே தேய்த்தேன். வேலை முழுக்கத் திறந்தவெளியில், தூசியை வடிகட்டும் முகமூடியோடு. கீழே விரித்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக் கட்டித் தனியாக அகற்றினேன். வேலைக்குப் போட்ட உடுப்பைத் தனியாகத் துவைத்தேன். இதற்கே நான்கு சனிக்கிழமை போனது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். பெயின்ட் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுரண்டாமல் மேலே புதுப் பெயின்ட் அடித்து மூடிவிடுவதும் சரியான வழிதான். எனக்கு மர ரேகை தெரிய வேண்டும் என்ற ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

பெயின்ட் போனதும் சட்டத்துக்கும் நடுப்பலகைக்கும் இடையே மெல்லிய கோடாக இடைவெளி தெரிந்தது. அசிங்கமாக இருக்கிறது என்று மக்கு வைத்து அடைத்துவிட்டேன். எட்டு மாதத்தில் எல்லா இடத்திலும் மக்கு வெடித்து, பொடிப்பொடியாகத் தலையணைமேல் விழுந்தது. வேறு வேலைக்கு வந்த ஒரு தச்சரிடம் காட்டினேன். "அதை அடைக்காதீங்க தம்பி, அது அசையணும்" என்றார். நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) சும்மா செருகியிருக்கிறது, பசை போட்டு ஒட்டவில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒட்டியிருந்தால் பலகையே பிளந்திருக்கும் என்று விளக்கினார். நீளவாக்கில் மரம் அநேகமாக அசைவதே இல்லையாம். இத்தனை வருடம் அந்தக் கதவு பிளக்காமல் இருந்ததற்குக் காரணமே அந்த இடைவெளிதான். மக்கை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். அதன்பின் ஒரு தொல்லையும் இல்லை. வறண்ட மாதங்களில் கோடு கொஞ்சம் அகலமாகும், மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். இப்போது அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

மேற்பூச்சுக்கு 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்த்து, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கோட் கொடுத்தேன். எண்ணெய் வார்னிஷின் மணம் படுக்கையறையில் பல நாள் தங்கும். இது சீக்கிரம் போய்விட்டது. 4 வருடத்தில் தலை படும் இரண்டு இடங்கள் மட்டும் பளபளப்பு இழந்திருந்தன. போன மாதம் 220 தாளால் லேசாகத் தேய்த்து அந்தச் சட்டத்துக்கு மட்டும் ஒரு கோட் அடித்தேன். வித்தியாசம் தெரியவில்லை. ஆளி விதை எண்ணெய் பூச நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது பொருத்தும் வேலை. முதலில் கட்டில் காலோடு, பக்கத்துக்கு இரண்டு போல்ட் போட்டு முடுக்கினேன். ஒரு மாதத்தில் கிறீச் சத்தம் ஆரம்பித்தது. நடு இரவில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவர் விழித்துக்கொள்வோம். நட்டை முடுக்குவேன், இரண்டு வாரம் அமைதி, பிறகு மறுபடி. ஸ்பிரிங் வாஷர் போட்டேன். நைலான் வளையம் உள்ள நட் போட்டேன்; அவை கழலவில்லை, ஆனால் சத்தம் நிற்கவில்லை. மரமும் மரமும் உரசும் இடத்தில் கம்பளித் துணி வைத்தபோது பாதி குறைந்தது. ஒரு வருடம் இப்படியே ஓடியது. பிறகுதான் காரணம் புரிந்தது. உட்காரும்போதும் புரளும்போதும் கட்டில் கொஞ்சம் அசையத்தான் செய்யும். 31 கிலோ பலகையை அதில் மேலே தொங்கவிட்டால், ஒவ்வொரு அசைவும் அந்த நான்கு போல்ட்டுகளில்தான் போய் இறங்கும்.

கட்டிலிலிருந்து பலகையைப் பிரித்துவிட்டேன். ஒரு மரப்பட்டியை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் இரண்டு துண்டு கிடைக்கும். ஒன்றைச் சுவரில் ரசமட்டம் வைத்துத் திருகினேன், 8 மில்லிமீட்டர் பிளக், ஆறு ஸ்க்ரூ. மற்றதைத் தலைகீழாகப் பலகையின் பின்னால் பொருத்தினேன். தூக்கி மாட்டினால் சாய்வும் சாய்வும் கவ்விக்கொள்கின்றன. எடை ஏற ஏறப் பிடி இறுகும். கதவின் அடியில் இரண்டு கட்டைக் கால்களும் வைத்தேன், எடையில் பெரும்பகுதி தரைக்குப் போய்விட்டது. உள்ளே வெறுமையாக இருக்கும் தடுப்புச் சுவர் என்றால் சுவரின் மேல்தகட்டில் மட்டும் திருகாதீர்கள், உள்ளே ஓடும் சட்டத்தில் ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. கட்டிலைத் தனியாக இழுத்துப் பின்னால் பெருக்கவும் முடிகிறது. கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் விட்டிருக்கிறேன். அது போதும், தலையணை இறங்குவதில்லை.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெத்தையின் மேல்பரப்பு தரையிலிருந்து 22 அங்குலம். கதவின் அடி விளிம்பு 18 அங்குலத்தில், மேல் விளிம்பு 50 அங்குலத்தில். நிமிர்ந்து உட்கார்ந்தால் எனக்குத் தோள் வரை தாங்கும். பொருத்தும் முன் சுவரில் அட்டையை ஒட்டி, அதில் சாய்ந்து பார்த்து முடிவு செய்தேன். அந்த அரை மணி நேரம் வீண் போகவில்லை.

வெறும் மரம் முதுகை உறுத்தும் என்று, பழைய மெத்தையிலிருந்து வெட்டிய 2 அங்குல நுரையைத் துணியால் மூடி ஸ்டேப்ளர் பின் கொண்டு அடித்திருந்தேன். அது தவறு. ஒரு வருடத்தில் துணி பிசுக்கேறிவிட்டது, கழற்றித் துவைக்க வழியில்லை. இப்போது ஜிப் வைத்த உறை தைத்து, மேல் விளிம்பிலிருந்து இரண்டு வார்ப்பட்டையில் தொங்கவிட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றித் துவைக்கிறாள் மனைவி. நுரையை வெயிலில் போடுவது என் வேலை. பழைய நுரைக்குப் பதிலாகப் புதிதாக வாங்கியிருக்கலாம் என்றும் இப்போது நினைக்கிறேன். யார் எத்தனை வருடம் படுத்த மெத்தையோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. மரத்தைச் சுத்தம் செய்யலாம், நுரையை முடியாது.

செலவு என்று பார்த்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை. பெயின்ட் எடுக்கும் ஜெல், உப்புத்தாள், பாலியூரிதேன், ஸ்க்ரூ, உறைத்துணி, இவ்வளவுதான். இதில் ஜெல்தான் அதிகம் இழுத்தது. பயனில்லாமல் போன நட்டு, வாஷர் வகையறாவை வாங்காமல் முதலிலேயே சுவரில் மாட்டியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

மகளுக்கு இப்போது 7 வயது, தனிக் கட்டிலுக்குப் போகப்போகிறாள். அவளுக்காக இரண்டு பழைய ஜன்னல் கதவுகளைக் கொண்டுவந்திருக்கிறேன். கொட்டகையில் கறுப்புத் தாளின்மேல் கிடக்கின்றன. இரண்டாவது வாரம் ஓடுகிறது, இதுவரை மாவு விழவில்லை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தாளைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.