பாளை தெற்கு பஜார் பைண்டிங் கடை: பழைய புத்தகத்தை நம்பிக் கொடுக்கலாம்

பழைய ஆய்வு நூல்களை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு இந்தக் கடையைச் சொல்லியே ஆக வேண்டும். பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, பைண்டிங் அண்ணாச்சி என்று கேட்டால் காட்டுவார்கள்.

நான் கொடுத்தது பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி எழுதிய நூல், 1986இல் வந்த ஆங்கிலப் பதிப்பு. என் நெறியாளர் ஓய்வு பெற்றபோது கொடுத்தது. தையல் விட்டு, ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, கழன்றிருந்தது. வேறொரு கடையில் ஓரத்தில் துளை போட்டுத் தைக்கிறோம் என்றார்கள். அப்படித் தைத்தால் புத்தகம் விரியவே விரியாது. அண்ணாச்சி முதுகில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பிலேயே தைத்தார். கட்டிங் மெஷின் வரை கொண்டுபோனவர், ஓரத்தில் சாரின் பென்சில் குறிப்புகளைப் பார்த்து நிறுத்திவிட்டார். "வெட்டுனா எழுத்து போயிரும்மா. ஓரம் இப்படியே கெடக்கட்டும்."

அப்புறம், "யாரும்மா இந்த வெள்ளக்காரரு? மாமன் மச்சான் உறவையெல்லாம் படம் போட்டு வச்சிருக்காரு!" என்று கேட்டார். சொன்னேன். பாரிஸில் ஒரு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் கைதியாக இருந்தபோது சமஸ்கிருதம் படித்தார். போர் முடிந்தபின் தமிழும் கற்று இங்கே வந்து, மதுரைக்கு மேற்கே ஊர்களில் தங்கினார். திரும்பிப் போய் ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்தினார். 1955இல் பாரிஸ் உயர்கல்வி நிறுவனம் அவரை ஆய்வு இயக்குநராக்கியது, பேராசிரியருக்கு இணையான பதவி அது. கள்ளர் நூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. அதே வருடம் வெளியிட்ட இன்னொரு சிறு நூலில், நம் சீமை மறவர்களிடம் தாய்வழியாக வரும் கிளை என்ற குலப் பிரிவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சொந்த நாட்டில் அவருக்குப் பேராசிரியர் நாற்காலியை வாங்கிக் கொடுத்தது நம் ஊர்க்காரர்கள் பொறுமையாகச் சொன்ன பதில்கள்தான் என்பது என் கருத்து. இதே பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கிய நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலைக்கு இங்கே ஒரு பல்கலைக்கழக நாற்காலி கிடைத்திருக்க வேண்டாமா? அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

அண்ணாச்சி அதையெல்லாம் கேட்டுக்கொண்டே பசை தடவிக்கொண்டிருந்தார். எங்கள் குலதெய்வம் சாஸ்தா கோயிலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், தன் சாஸ்தா எந்த ஊரில் இருக்கிறார், பங்குனி உத்திரத்துக்கு யார் யார் வருவார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது என் குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

கருநீலக் காலிக்கோ துணி, கெட்டி அட்டை, எல்லாம் சேர்த்து 350 ரூபாய். மேசையில் வைத்தால் நடுப்பக்கம் கூட மடங்காமல் விரிந்து நிற்கிறது. குறை என்றால், சொன்ன தேதிக்குக் கிடைக்கவில்லை. முதுகில் தங்க எழுத்தும் போடுவதில்லை, தாளில் அச்சடித்து ஒட்டித்தான் தருகிறார். அவசர வேலைக்குச் சரிப்படாது. மார்ச், ஏப்ரலில் கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகள் கூரை வரை குவிந்து கிடக்கும், அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.