ஈகிளுக்குப் பதில் கீகேட்: காசில்லை, ஆனால் கவனம் வேண்டும்

சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருளான பழைய ஈகிளை இன்னும் விடாதவர்கள் நிறைய. அதற்கான ஆதரவை 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் 2023-லேயே சொல்லிவிட்டது. இலவசப் பதிப்பில் 2 லேயர் (செம்பு அடுக்கு), 80 சதுர செ.மீ. போர்டு என்ற கட்டுப்பாடு வேறு. இன்னொரு மென்பொருளான டிப்டிரேஸின் இலவசப் பதிப்பிலோ மொத்தம் 300 பின் (பாகங்களின் கால்கள்) வரைதான்.

இதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான கீகேட்டில் இந்த வம்பே இல்லை. 32 காப்பர் லேயர் வரை போகலாம். பொழுதுபோக்குக்கு 2 லேயரே தாராளம். ஈகிள் 6 முதல் சேமித்த பழைய ப்ராஜெக்டுகளையும் திறக்கும். விண்டோஸில் நிறுவ ஒரு ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும், அதில் பெரும்பகுதி 3டி மாடல்கள். லினக்ஸில் அவை தனி பேக்கேஜ். பழைய லேப்டாப் என்றால் அவற்றை நிறுவாமல் விட்டுவிடலாம்.

புதியவர்கள் முதலில் மிரளுவது இஆர்சி (வரைபடத்தின் மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் சோதனை) காட்டும் பிழையில். பேட்டரியைச் சாதாரண கனெக்டராக வரைந்தால், பவர் எங்கிருந்து வருகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. விசிசி (பிளஸ்), கிரவுண்டு (மைனஸ்) இரண்டிலும், பவர் இங்கே வருகிறது என்று சொல்லும் பவர் ஃபிளாக் குறியீட்டை வைத்தால் பிழை போய்விடும்.

இதைவிட ஆபத்தானது எந்தப் பிழையும் காட்டாத தவறு. பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தைப் பார்த்தால் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 டிரான்சிஸ்டரில் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றின் குறியீட்டை வரைந்துவிட்டு மற்றதைப் பற்றவைத்தால் இஆர்சியும் டிஆர்சியும் (போர்டு வடிவமைப்பைச் சரிபார்க்கும் சோதனை) வாயே திறக்காது. போர்டு மட்டும் வேலை செய்யாது. டேட்டாஷீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் டோனர் முறையில் (பிரின்ட்டை இஸ்திரி போட்டுச் செம்புப் பலகையில் ஒட்டி) எட்ச் செய்பவர்கள், அதாவது வேண்டாத செம்பை அரித்தெடுப்பவர்கள், ரூட்டிங் (செம்புக் கோடுகள் போடுவது) தொடங்கும் முன்பே டிராக், அதாவது கோட்டின் அகலத்தை 0.8 மி.மீ., இடைவெளியை 0.5 மி.மீ. என்று மாற்றிவிட வேண்டும். இயல்பாக வரும் 0.2 மி.மீ. கோடு, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் அறுந்துபோகும். பாட்டம் காப்பரை மிரர் செய்யாமல் 1:1 அளவில் பிரின்ட் எடுங்கள்; இஸ்திரி போடும்போது அது தானே திரும்பிவிடும். டாப் காப்பர் என்றால் மிரர் கட்டாயம். காகிதத்தின் மேல் ஒரு ஐசியை வைத்துப் பாருங்கள், கால்கள் பேடுகளில் உட்காராவிட்டால் பிரின்டர் அளவைச் சுருக்கியிருக்கிறது.

ஈசிஇடிஏ என்ற இன்னொரு மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும். எல்சிஎஸ்சி கடையின் பாகங்களோடு, ஜேஎல்சிபிசிபி என்ற போர்டு தயாரிப்பு நிறுவனத்தில் ஆர்டர் செய்பவர்களுக்கு அதுவே சுலபம். கீகேட்டிலிருந்து அனுப்புவதென்றால் கெர்பரோடு (போர்டின் அடுக்குகளை விவரிக்கும் ஃபைல்கள்) டிரில் ஃபைலையும் தனியாக உருவாக்கிச் சேர்க்க வேண்டும். கெர்பரை உருவாக்கும் பிளாட் பட்டனை மட்டும் அழுத்திவிட்டு ஜிப் செய்தால் துளை விவரம் அதில் இருக்காது.