ஒட்டுசுட்டான் பக்கத்தில் மாட்டுப் புண்ணுக்குக் கிடைத்த வைத்தியம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்டச் சித்தப்பாவின் மாட்டுப் பட்டி இருக்கிறது. வன்னியின் ஆஸ்பத்திரி, வங்கி, பஸ் பற்றி ஊருக்குப் போய் வருகிறவர்கள் நிறைய எழுதுகிறார்கள். மாட்டுக்கு ஒன்றென்றால் யாரிடம் போவது என்று எழுதுவோர் குறைவு.

பசு ஒன்று முட்கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டு வந்தது. மழை விட்டு இலையான் மொய்க்கும் நேரம். புண்ணில் இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். சில வகைப் புழு உயிருள்ள சதையையே குடையும். கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அழைத்தோம். வைத்தியர் தூரத்துக் கிராமமொன்றுக்குப் போயிருந்தார், மறுநாள்தான் வர முடியும் என்றார்கள். அத்தனை கிராமங்களுக்கும் அவர் ஒருவர்தான் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அயலிலுள்ள மாட்டுப் பரியாரியார், அதாவது மாட்டுக்கு நாட்டு வைத்தியம் பார்ப்பவர், அன்று மாலையே வந்தார். “தம்பி, முதலில் நன்றாகக் கழுவ வேண்டும், மருந்து பிறகு” என்றார். கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவி, சுற்றியிருந்த மயிரைக் கத்தரித்தார். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதோன்றி இலை ஒவ்வொரு பிடி, பத்துப் பல் உள்ளி, மஞ்சள்தூள் எல்லாவற்றையும் அரைத்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவிட்டுப் பூசினார். இந்தியாவின் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் பண்ணையாளர்களுக்குச் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுவேதான். மஞ்சளை 20 கிராம் என்று அளந்திருப்பார்கள். புழு இருந்தால் முதல் நாளில் அன்னமுன்னா (சீத்தா) இலை விழுதோ கர்ப்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயோ பூசச் சொல்கிறார்கள். அன்னமுன்னா விதையை மட்டும் தொடாதீர்கள். அதன் தூள் கண்ணில் பட்டால் பார்வையே கெட்டுவிடும்.

மறுநாள் வைத்தியர் சொன்னபடி வந்தார். பரியாரியாரின் மருந்தைத் தள்ளிவைக்கவில்லை. காய்ச்சலும் புண்ணின் ஆழமும் பார்த்து, அதையே தொடரச் சொன்னார். அன்டிபயோட்டிக் ஊசி போடாததால் பாலைக் கொட்ட வேண்டியிருக்கவில்லை. ஆழமான புண், மூட்டிலோ மடியிலோ பட்ட காயம், சீழ், காய்ச்சல் என்றால் இலை மருந்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். வாகனக் கழிவு எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றுவதை இன்றோடு விடுங்கள், புதிதாக வளரும் சதையை அவை எரித்துவிடும் என்றும் சொன்னார். பட்டிகளில் இன்னும் அதுதான் நடக்கிறது. பார்க்க நெஞ்சு பதறுகிறது.

மஞ்சளிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணிப்பதும் வேம்பின் அசாடிராக்டின் பூச்சிகளைத் தடுப்பதும் ஆய்வுகளில் தெரிந்தவை. ஆனால் புண் ஆற்றும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுகூட எலிகளில் நடந்தவை. ஆகவே வைத்தியரின் கண் பட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

பரியாரியார் காசு வாங்கவில்லை. அவருக்கு வயது போய்விட்டது, பக்கத்தில் நின்று பழக ஒருவரும் இல்லை. அவரும் வைத்தியரும் சேர்ந்து பட்டிக்காரருக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினால் செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் ஆட்களைக் கூட்டுவதாகச் சித்தப்பா பொறுப்பெடுத்திருக்கிறார்.